தாளைக் கிழிக்காதீங்க: கடைத்தெருவுல உக்காந்து படம் வரைய ஆசைப்படுறவங்களுக்கு

போன தீபாவளிக்கு மலேசியாவுல, பினாங்கோட பெருநிலப் பக்கம் இருக்குற பட்டர்வொர்த்ல அத்தை வீட்டுக்குப் போயிருந்தப்போ, அத்தை மகள் என்னோட படப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிக்கிட்டே இருந்தா. “எனக்கும் இப்படி வரையணும்னு ரொம்ப நாளா ஆசைக்கா, ஆனா எனக்குக் கோடே நேரா வராது”ன்னா. சரி உன் புத்தகத்தைக் காட்டுன்னு கேட்டேன். தயங்கித் தயங்கி எடுத்துட்டு வந்தா. திறந்து பார்த்தா ஸ்பைரல் கம்பி பூரா சின்னச் சின்னத் தாள் துணுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கு. எட்டுப் பத்துத் தாள் கிழிச்சுப் போட்டிருக்கா, மிச்சம் எல்லாம் வெள்ளையா அப்படியே இருக்கு. வாங்கி ரெண்டு வருசம் ஆச்சாம்.

அந்தத் துணுக்கைப் பார்த்ததும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா அந்தப் பிள்ளை முயற்சி பண்ணாம இருக்கல, எட்டுப் பத்துத் தடவை உக்காந்திருக்கா, ஒவ்வொரு தடவையும் பாதியில எழுந்து போயிருக்கா. கோடு நேரா வரலைன்னா ஒண்ணும் குடி முழுகிடாது, என் கோடும் நேரா வராது. பாதியில விட்டதுதான் அவளைத் தடுத்திருக்கு. அன்னைக்கு ராத்திரி அவகிட்ட சொன்னதெல்லாம் சேர்த்து, கொஞ்சம் விரிவா, அவள மாதிரி ஆரம்பிக்கிறவங்க எல்லாருக்குமா இங்க எழுதுறேன்.

நான் ஓவியப் பள்ளிக்கெல்லாம் போனதில்ல. பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில கணக்கு வேலை. ஆறு வருசமா ஞாயித்துக்கிழமை காலையில பினாங்குத் தீவுல இருக்குற ஜார்ஜ்டவுன்ல எங்கயாவது உக்காந்து பேனாவால வரையறேன், பதினோரு புத்தகம் ஆச்சு, நல்லா வந்த பக்கம்னு பார்த்தா நாலுக்கு ஒண்ணு தேறும். மத்த மூணும் அதே புத்தகத்துல பக்கத்துலயேதான் இருக்கு, ஒண்ணையும் கிழிக்கல.

என்ன வாங்கணும்

கம்மியா வாங்குங்க. ஏ5 அளவுல கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகம், தண்ணி பட்டா கரையாத மையோட 0.3 பேனா ஒண்ணு, மாணவர்கள் பயன்படுத்துற பன்னெண்டு கலர் வாட்டர்கலர் பெட்டி ஒண்ணு, ஒரு நடுத்தர பிரஷ், துடைக்க ஒரு பழைய துணி. அவ்வளவுதான். தாள் விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் வேணாம், தாளோட கனத்தை ஜிஎஸ்எம்னு போட்டிருப்பாங்க, அது 200-க்குக் கீழ இருந்தா கலர் போட்டதும் அப்பளம் மாதிரி சுருங்கி நிக்கும், 300 இருந்தா நிம்மதி. ஆனா ரொம்ப விலையான பருத்தித் தாளும் முதல் புத்தகத்துக்கு வாங்காதீங்க, தாள் விலை ஞாபகம் வந்துக்கிட்டே இருந்தா கை நடுங்கும், ஒரு கோடு போட ஒரு மணி நேரம் யோசிப்பீங்க. கெட்டுப்போனா பரவாயில்லன்னு தோணுற விலைதான் சரியான விலை.

பென்சிலும் ரப்பரும் ஏன் சொல்லலன்னு கேப்பீங்க. பென்சில் தப்பில்ல, பெரிய பெரிய ஓவியர்களெல்லாம் பென்சில்லதான் ஆரம்பிக்கிறாங்க. ஆனா புதுசா வர்றவங்க கையில ரப்பர் இருந்தா என்ன ஆகும்னு நானே பட்டிருக்கேன், முதல் ஆறு மாசம் நான் வரைஞ்சதைவிட அழிச்சதுதான் அதிகம். ஒரு ஜன்னலை நாலு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டு, தாள் நைஞ்சு போயி, கடைசியில நாலாவது ஜன்னலும் முதல் ஜன்னல் மாதிரியே இருக்கும். பேனான்னா அந்தப் பேச்சே இல்ல. போட்ட கோடு போட்டதுதான், அடுத்த கோட்டைப் பத்தித்தான் யோசிக்க முடியும்.

இன்னொண்ணு, நம்ம ஊர் ஈரத்துக்கு வாட்டர்கலர் பெட்டியை வரைஞ்ச உடனே மூடிப் பையில போட்டீங்கன்னா ஒரே வாரத்துல பூஞ்சை பிடிச்சிடும். வீட்டுக்கு வந்ததும் திறந்து ஃபேன் காத்துல காய வச்சுட்டு அப்புறம் மூடுங்க.

முதல் பக்கம்

புதுப் புத்தகத்தோட முதல் பக்கம்னாலே எல்லாருக்கும் பயம். அதுக்கு ஒரு வழி, அந்தப் பக்கத்துல படமே வரையாதீங்க. பெட்டியில இருக்குற பன்னெண்டு கலரையும் சின்னச் சின்னக் கட்டமா பூசிப் பாருங்க, ரெண்டு ரெண்டா கலந்து பாருங்க, பேனாவைக் கிறுக்கி மேல தண்ணி தடவி மை கரையுதான்னு சோதிங்க. பக்கம் நிறைஞ்சிடும், பாக்கவும் அழகாத்தான் இருக்கும், பிற்பாடு எந்தக் கலரோட எதைக் கலந்தா என்ன வரும்னு திரும்பிப் பாக்கவும் உதவும். அதுக்கப்புறம் அது புதுப் புத்தகம் கிடையாது, நீங்க புழங்குற புத்தகம்.

வாசல் செருப்பு

முதல் வாரம் வெளிய எங்கயும் போகாதீங்க. நம்ம வீட்டு வாசல்ல செருப்பு இல்லாம இருக்காது, அதுதான் பாடம். வாசப்படியில உக்காருங்க, ஒரு ஜோடி செருப்பைப் பாருங்க, அஞ்சு நிமிசம் டைமர் வைங்க. கண்ணைச் செருப்பு ஓரத்துல வச்சு எறும்பு ஊர்ற வேகத்துல நகர்த்துங்க, கண் நகர்ற வேகத்துலயே பேனாவும் நகரணும், தாளைப் பாக்கவே கூடாது. அஞ்சு நிமிசம் கழிச்சுப் பாத்தா செருப்பு மாதிரியே இருக்காது, வார் ஒரு பக்கம் கிடக்கும், அடிப்பாகம் இன்னொரு பக்கம் கிடக்கும். இருக்கட்டும். ஆனா உத்துப் பாருங்க, கட்டைவிரல் அழுத்தி அழுத்திப் பள்ளம் விழுந்த இடம், வார் கிழிஞ்சு தச்ச இடம், இதெல்லாம் அந்தக் கோணல் கோட்டுக்குள்ள வந்திருக்கும். தாளைப் பாத்து வரைஞ்சா இதெல்லாம் வராது, மனசுல ஏற்கனவே இருக்குற “செருப்பு” பொம்மைதான் வரும்.

ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு ஏழு நாள். ஒவ்வொண்ணுக்கும் கீழ தேதி போடுங்க. தேதி போட மறக்காதீங்க, ஏன்னு கடைசியில சொல்றேன்.

வெளிய போறது

ரெண்டாவது வாரம் ஞாயித்துக்கிழமை ஜார்ஜ்டவுன் கடைத்தெருவுக்குப் போங்க. ஏழரைக்குள்ள போயிட்டா நல்லது, பத்து மணிக்கு மேல வெயில் தாங்காது, பாட்டுக் கடைக்காரங்க ஸ்பீக்கரையும் போட்டுடுவாங்க, சுற்றுலா வர்றவங்க கூட்டமும் சேர்ந்துடும். பெருநிலத்துல இருந்து வர்றவங்க ஃபெர்ரியில வந்தா காரை எங்க நிறுத்துறதுன்னு தலைவலி இல்ல, இந்தப் பக்கம் இறங்கினா நடந்தே போயிடலாம், முடியலைன்னா இலவசமா ஓடுற கேட் (CAT) பஸ் இருக்கு. முதல்ல பசியாறிட்டுப் போங்க. வெறும் வயித்துல உக்காந்தா இருபது நிமிசத்துல படம் பிடிக்காமப் போயிடும், அது படத்தோட குத்தம்னு நெனச்சுக்குவீங்க.

எங்க உக்கார்றதுன்னா, கடை முன்னாடி இருக்குற ஐந்தடியில. மலாய்ல காக்கி லீமான்னு சொல்றோமே, அதேதான். 1822-ல சிங்கப்பூருக்கு ராஃபிள்ஸ்ங்கிற பிரிட்டிஷ் அதிகாரி போட்ட நகரத் திட்டத்துல கடைக்கு முன்னால ஜனங்க நடக்க நிழல் வழி விடணும்னு வச்சதுல ஆரம்பிச்சு நம்ம ஊர் வரைக்கும் வந்த வழக்கம், வெயிலும் மழையும் படாம வரைய இதைவிட நல்ல இடம் வேற எங்கயும் கிடைக்காது. ஆனா அது அடுத்தவங்க கடை வாசல். “அண்ணே, ஒரு அரை மணி நேரம் இப்படி ஓரமா உக்காந்து வரைஞ்சுக்கட்டுமா”ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு உக்காருங்க. இந்த ஆறு வருசத்துல எனக்கு மாட்டேன்னு சொன்னவங்க ரொம்பக் கம்மி, நாற்காலி எடுத்துப் போட்டவங்கதான் அதிகம். முதுகுப் பக்கம் சுவரோ தூணோ இருக்குற மாதிரி உக்காருங்க. பின்னாடி யாரும் நின்னு எட்டிப் பாக்க முடியாதுன்னா புதுசா வரையறவங்களுக்கு பாதி பயம் போயிடும்.

தனியா போகக் கூச்சமா இருந்தா கூட்டத்தோட போகலாம். வெளிய உக்காந்து நேர்ல பாத்து வரையறவங்களுக்குன்னு அர்பன் ஸ்கெட்சர்ஸ்னு உலகம் பூரா ஒரு குழு இருக்கு, 2007-ல சியாட்டில்ல கேப்ரியல் கம்பனாரியோங்கிற பத்திரிகைக்காரர் ஆரம்பிச்சது, பினாங்குலயும் இருக்காங்க. இந்த மாதிரிக் கூட்டத்துல எல்லாம் ஒரு வழக்கம், வரைஞ்சு முடிச்சதும் எல்லாரும் புத்தகத்தைத் தரையில வரிசையா விரிச்சு வைப்பாங்க. நான் முதல் தடவை வச்சப்போ கை சில்லுன்னு ஆயிடுச்சு. ஆனா குனிஞ்சு பாத்தா ஒரே கட்டடம், இருபது புத்தகம், ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல. ஒருத்தர் கூரையை மட்டும் வரைஞ்சிருக்கார், ஒரு அம்மா கட்டடத்தை விட்டுட்டு அதுக்கு முன்னாடி தூங்குன பூனையை வரைஞ்சிருக்காங்க. எது சரின்னு யாரும் கேக்கவே இல்ல.

ஒரே ஒரு கோடு மட்டும் யோசிச்சுப் போடுங்க

கட்டடம் வரையறதுல எல்லாரும் மாட்டிக்கிறது இங்கதான், அதனால இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன். உக்காந்த இடத்துல இருந்து பேனாவைப் படுக்க வச்ச மாதிரி ரெண்டு கண்ணுக்கு நேரா நீட்டிப் பிடிங்க. எதிர்ல அந்தப் பேனா எதை மறைக்குதோ, அதுதான் உங்க கண் மட்டம். தாள்ல அந்த இடத்துல லேசா ஒரு படுக்கைக் கோடு. இப்போ கடை வரிசையைச் சாய்வாப் பாருங்க. கண் மட்டத்துக்கு மேல இருக்குற கோடெல்லாம், அதாவது கூரை விளிம்பு, மாடி ஜன்னல் மேல்கட்டை, விளம்பரப் பலகை, இதெல்லாம் தூரம் போகப் போகக் கீழ இறங்கும். கண் மட்டத்துக்குக் கீழ இருக்குற படிக்கட்டு, சாக்கடை விளிம்பு எல்லாம் தூரம் போகப் போக மேல ஏறும். எல்லாம் அந்தக் கண் மட்டக் கோட்டுல ஒரு புள்ளியில போயி சேரும். இவ்வளவுதான் விஷயம்.

குட்டை ஸ்டூல்ல உக்காந்தா கண் மட்டம் ரொம்பக் கீழ இருக்கும், நடந்து போறவங்க இடுப்பு உயரத்துல. அப்போ கட்டடத்துல முக்கால்வாசி கண்ணுக்கு மேலதான், பெரும்பாலான கோடு கீழ இறங்குற கோடுதான். நான் ரொம்ப நாளா நின்னுகிட்டுப் பாத்த மாதிரி நெனச்சுக்கிட்டு உக்காந்து வரைஞ்சுட்டு இருந்தேன், அதனாலதான் என் கடைகளெல்லாம் முன்னாடி கவிழ்ந்து விழுற மாதிரி இருந்துச்சு. அதைக் கண்டுபிடிச்சதே எப்படின்னா, கவிழ்ந்த பக்கம் ஆறேழு ஒரே புத்தகத்துல அடுத்தடுத்து இருந்ததாலதான். கிழிச்சிருந்தா ஒவ்வொண்ணும் தனித்தனித் தோல்வியா போயிருக்கும், ஒரே தப்பு திரும்பத் திரும்ப நடக்குதுன்னு தெரிஞ்சே இருக்காது.

மாரியம்மன் கோபுரமும் பூக்கடை அக்காவும்

ராணித் தெரு மாரியம்மன் கோயில், 1833-ல கட்டுனது, வாசல் ராணித் தெருப் பக்கம், அதனால காலை வெயில் கோபுரத்து மேல நல்லா விழும். சிலைக்குச் சிலை நிழல் பிரிஞ்சு தெரியும். புதுசா வர்றவங்க எல்லாருக்கும் இதை வரையணும்னு ஆசை வரும், வந்து உக்காந்து முதல் சிலையோட முகத்துல ஆரம்பிச்சு ரெண்டாவது சிலையில கை ஓஞ்சு எழுந்துடுவாங்க. சிலையை எண்ணாதீங்க. முதல்ல மொத்தக் கோபுரமும் என்ன வடிவம்னு பாருங்க, கீழ அகலமா மேல போகப் போகக் குறுகி ஒரு பெட்டி. அதுக்குள்ள எத்தனை தட்டு, அதுக்குக் குறுக்குக் கோடு. அப்புறம் கண்ணைப் பாதி மூடி இடுக்கிப் பாருங்க, சிலை எல்லாம் கரைஞ்சு போயி வெளிச்சத் திட்டு, நிழல் திட்டு மட்டும் தெரியும். நிழல் திட்டை மட்டும் போடுங்க. தள்ளி வச்சுப் பாத்தா சிலை தானா நிக்கும்.

நான் முதல் தடவை அந்தக் கோபுரத்தை வரைஞ்சப்போ கீழ இருந்து ஆசை ஆசையா வரைஞ்சுட்டுப் போயி, மேல கலசத்துக்கு இடமே இல்லாமப் போச்சு. தாள் முடிஞ்சிடுச்சு. கோபுரம்னா கலசம் இல்லாம எப்படி, எனக்கு அழுகை வர்ற மாதிரி ஆயிடுச்சு, கை தாள் ஓரத்தைப் பிடிச்சிடுச்சு, கிழிக்கத்தான் போனேன். பக்கத்துல மல்லிகைச் சரம் கட்டிக்கிட்டு இருந்த ஒரு அக்கா ரொம்ப நேரமா பாத்துக்கிட்டே இருந்திருக்காங்க போல. நார் கையில இருக்க, தலையை நீட்டிப் பாத்துட்டு, “ஏம்மா, இங்க என் கடைக் குடையை விட்டுட்டியே, இவ்வளவு பெருசா நிக்குதே”ன்னாங்க.

அவங்களுக்குக் கலசம் கண்ணுலயே படல. நானும் அப்போதான் நிமிந்து பாத்தேன், சிவப்பும் மஞ்சளுமா கோடு போட்ட பெரிய குடை, அதோட ஓரத்துல தொங்குற மாலை, மாலை நுனியில சொட்டுற தண்ணி. சரின்னு குடையைப் போட்டேன். குடை பெருசா வந்ததும் படம் கோபுரப் படமா இல்லாம பூக்கடைப் படமா ஆயிடுச்சு, கோபுரம் பின்னாடி மேல போயி தாளைத் தாண்டி எங்கயோ போற மாதிரி, உண்மையில அந்த இடத்துல உக்காந்தா அப்படித்தான் தெரியும். கலசத்தை மட்டும் தாளோட வலது ஓரத்துல தனியா சின்னதா வரைஞ்சு வச்சேன். இன்னைக்கும் என்கிட்ட இருக்குற பக்கங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச பத்துல அது ஒண்ணு.

அதனால தப்புக் கோடு விழுந்தா என்ன பண்றதுன்னா, அதைத் தேய்ச்சுக் கறுப்பாக்காதீங்க, மேல மேல அதையே அழுத்திப் போடாதீங்க. பக்கத்துலயே சரியான கோட்டைப் போடுங்க, ரெண்டும் இருக்கட்டும். பிற்பாடு நிழல் போடுறப்போ பாதி மறைஞ்சிடும், மறையாத மிச்சம் கை தேடித் தேடிப் போன தடமா நிக்கும். சாய்ஞ்சு போன தூணைத் திருத்த முடியலைன்னா அடுத்த தூணையும் அதே அளவு சாய்ச்சுடுங்க, தெரு முழுக்க ஒரே மாதிரி சாய்ஞ்சா கண்ணு ஏத்துக்கும். இடம் பத்தலைன்னா வெட்டுப்படட்டும், விட்டுப்போனதை ஓரத்துல வரைங்க.

நடுவுல வர்ற அசிங்கம்

இதைத்தான் நான் ரொம்ப முக்கியமா சொல்ல வந்தேன். எந்தப் படமா இருந்தாலும், ஒரு பதினஞ்சு இருபது நிமிசம் ஆனதும் பாக்கவே சகிக்காது. என் படமும் அப்படித்தான், எனக்குத் தெரிஞ்சு நல்லா வரையறவங்க படமும் அப்படித்தான். என் அத்தை மகள் கிழிச்ச தாளெல்லாம் இந்த இடத்துல கிழிச்சதுதான்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

அது ஏன் அப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா பயம் போயிடும். தாள்ல இருக்குற ஒரு பொருளை நம்ம கண்ணு பொருளா நம்ப இருட்டும் வெளிச்சமும் ரொம்ப உதவும். வெறும் கோடு மட்டும் இருக்குறப்போ எல்லாம் ஒரே தளத்துல தட்டையா கிடக்கும், எது முன்னாடி எது பின்னாடின்னு தெரியாது, கோணல் எல்லாம் துருத்திக்கிட்டுத் தெரியும். ஐந்தடிக்குள்ள இருக்குற இருட்டு, ஜன்னல் பலகைக்குக் கீழ விழுற நிழல், குடைக்கு அடியில இருக்குற கறுப்பு, இதெல்லாம் போட்டப்புறம்தான் கட்டடம் எழுந்து நிக்கும். அது வரைக்கும் பாதி வெந்த சோத்தை வாயில போட்டுப் பாத்துட்டு அரிசி சரியில்லன்னு சொல்ற மாதிரிதான். அதனால டைமர் நாப்பது நிமிசம் வைங்க, கறுப்பு போடுற வரைக்கும் நல்லாருக்கா இல்லையான்னு யோசிக்கிறதே இல்லன்னு ஒரு கட்டுப்பாடு வச்சுக்கோங்க. சில சமயம் நான் அந்த இருபதாவது நிமிசத்துல வேணும்னே பாக்குறதுலயே இருட்டான இடத்தைத் தேடிப் பிடிச்சு அங்க கறுப்பை முதல்ல போட்டுடுவேன். ஒரு இடத்துல ஆழம் வந்துட்டா மனசு அடங்கிடும், மிச்சத்தைப் போட தைரியம் வரும்.

முடிச்சும் நல்லா வரலையா? வரலைன்னா வரல. ஆனா முடிச்ச மோசமான படத்துல இருந்து எது தப்புன்னு காட்ட முடியும், பாதியில விட்ட படத்துல காட்ட ஒண்ணும் இருக்காது.

கலர்

வாட்டர்கலர்ல வெள்ளைங்கிறது தாள்தான். ஒரு தடவை கலர் பட்ட இடத்தை முழுசா வெள்ளையாக்க முடியாது, அதனால எங்க வெளிச்சம் வேணுமோ அங்க தொடாம விடணும். இதுல நம்ம ஊருக்கு ஒரு பெரிய மரபே இருக்கு. யோங் முன் சென் (1896–1962), யார்கிட்டயும் முறையா படிக்காம சொந்தமா கத்துக்கிட்ட அப்துல்லா அரிஃப் (1904–1962), ரெண்டு பேரும் பினாங்குல இருந்து வாட்டர்கலர்ல வரைஞ்சவங்க. அவங்க படங்களை நேர்ல பாக்க வாய்ப்பு கிடைச்சா விடாதீங்க, கிட்டப் போயி எங்கெல்லாம் கலரே போடாம விட்டிருக்காங்கன்னு மட்டும் பாருங்க. 

நம்ம ஊர்ல கலர் சீக்கிரம் காயாது. அரைகுறையா காஞ்ச இடத்துல ஈர பிரஷ் பட்டா தண்ணி உள்ள ஓடி ஓரமெல்லாம் பூப்பூவா கறை கட்டும். செப்டம்பர், அக்டோபர் மழைக் காலத்துல கேக்கவே வேணாம். புதுசா வர்றவங்க அதைச் சரி பண்றேன்னு மேல மேல தடவி சேறாக்கிடுவாங்க. கையை எடுத்துடுங்க. எழுந்து போயி ஒரு தே தாரிக் குடிச்சுட்டு வாங்க. வந்து பாத்தா அந்தக் கறை பெரும்பாலும் சுவருக்குப் பொருத்தமாவே இருக்கும், ஏன்னா நீங்க வரையற அந்தப் பழைய சுவரும் அப்படித்தான் ஆச்சு. அதெல்லாம் சுண்ணாம்புக் காரை பூசுன சுவரு, தரையில இருந்து ஏறுற ஈரத்தை வெளிய விட்டு விட்டு மேல் பூச்சு திட்டுத் திட்டா உரிஞ்சு நிக்குது.

விடாம இருக்குறது

ஆரம்பிக்கிறதைவிட இதுதான் கஷ்டம். மூணாவது வருசம் நான் மூணு மாசம் பேனாவையே தொடல. எதுவும் நடக்கல, சண்டை இல்ல, உடம்புக்கும் ஒண்ணும் இல்ல. ராத்திரி படுக்குறப்போ ஃபோன்ல மத்தவங்க படம் பாத்துப் பாத்து, காலையில என் படத்தைப் பாத்தா குப்பை மாதிரி தெரிய ஆரம்பிச்சது, அவ்வளவுதான். புத்தகம் அலமாரிக்குள்ள போயிடுச்சு.

திரும்ப ஆரம்பிச்சது ஒரு கிளினிக்ல. அம்மாவுக்குக் கண்ணு காட்டக் கூட்டிட்டுப் போயி ரெண்டு மணி நேரம் காத்திருந்தோம், ஃபோன்ல சார்ஜ் போயிடுச்சு, கையில நம்பர் சீட்டும் பையில ஆபீஸ் பேனாவும்தான் இருந்துச்சு. சீட்டுப் பின்னாடி எதிர் வரிசை பிளாஸ்டிக் நாற்காலியை வரைஞ்சேன், கட்டைவிரல் அளவுக்கு. அம்மா எட்டிப் பாத்துட்டு “அந்தக் கடைசி நாற்காலிக்குக் கால் உடைஞ்சிருக்கு, அதையும் போடு”ன்னாங்க. போட்டேன். அந்தச் சீட்டு இன்னும் அந்த வருசத்துப் புத்தகத்துல ஒட்டி இருக்கு.

அதுல இருந்து எனக்குன்னு ஒரு வழக்கம் வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை போக முடிஞ்சா போறேன், நாப்பது நிமிசம். முடியலைன்னா அந்த வாரத்துக்குக் குறைஞ்சது ஒரு பொருள், தேத்தண்ணிக் கோப்பை, சாவி, வெங்காயம், எதுவானாலும், மூணு நிமிசத்துல. மூணு நிமிசம் இல்லாத வாரம்னு ஒண்ணு கிடையாது. வரைஞ்ச அன்னைக்கே படத்தை யாருக்கும் அனுப்புறதில்ல, ஒரு வாரம் மூடி வச்சுட்டு அப்புறம்தான். அன்னைக்கே போட்டா எத்தனை பேர் பாத்தாங்கன்னு மனசு அங்கயே கிடக்கும், அடுத்த படத்துக்கு வராது.

அடுத்தவங்ககிட்டக் காட்டுறப்போ “நல்லா இருக்கா”ன்னு கேக்காதீங்க. நம்ம சனங்க மனசு நோகக் கூடாதுன்னு “நல்லாருக்கும்மா”ன்னு சொல்லிடுவாங்க, இல்ல “மூக்கு சரியில்ல”ம்பாங்க, ரெண்டாலயும் பிரயோஜனம் இல்ல. “பாத்ததும் முதல்ல எது கண்ணுல படுது”ன்னு கேளுங்க. நீங்க காட்ட நெனச்ச இடமே அவங்க கண்ணுல பட்டா சரி. வேற இடம் பட்டா, அங்க கறுப்பு அதிகமாகியிருக்கும், இல்ல வெள்ளை தனியா நிக்கும், அடுத்த தடவை அதை மாத்திப் பாக்கலாம். இந்தக் கேள்விக்கு வரையத் தெரியாதவங்ககூட சரியா பதில் சொல்வாங்க. எங்கப்பாதான் எனக்கு இதுல பெரிய துணை, அவரு வாழ்க்கையில ஒரு படம் வரைஞ்சதில்ல.

ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அதே இடத்துல உக்காந்து வரைங்க. நான் தண்ணீர்மலை முருகன் கோயில் படியில வரையறேன், 513 படியில பாதி ஏறுனதும் மூச்சு வாங்க ஒரு இடத்துல உக்காருவோமே அங்க. பதினோரு தடவை ஆச்சு. முதல் படத்துல மரமெல்லாம் பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கு, நாலாவதுல படி எண்ணிக்கையில மாட்டிக்கிட்டுத் திணறியிருக்கேன், ஏழாவது ரொம்பச் சுத்தம், ஆனா உயிரே இல்ல, ஒன்பதாவதுல மழை வந்து பாதி கரைஞ்சிடுச்சு. மேல போயிக்கிட்டே இருக்குற கோடு மாதிரி இருக்கும்னு நெனச்சா அப்படி இல்ல, ஏறி இறங்கித்தான் இருக்கு.

தேதி போடச் சொன்னது இதுக்குத்தான். ஒரு வருசம் ஆனதும் அதே வாசப்படியில உக்காந்து, அதே செருப்பு இன்னும் இருந்தா அதையே, இல்லைன்னா புதுச் செருப்பை, அதே அஞ்சு நிமிசத்துல வரைங்க. அப்புறம் முதல் வாரத்துப் பக்கத்தைத் திறந்து பக்கத்துல வைங்க.

அத்தை மகள்கிட்ட அன்னைக்கு ராத்திரி பேனாவைக் கொடுத்து, அத்தை வீட்டு வாசல்ல கிடந்த அத்தனை செருப்பையும் வரையச் சொன்னேன். தீபாவளி வீடு, பதினேழு ஜோடி இருந்துச்சு. ஆறாவது ஜோடியில “அக்கா, அசிங்கமா இருக்குக்கா”ன்னு தாள் ஓரத்தைப் பிடிச்சா. கையை எடுக்கச் சொல்லிட்டு, செருப்புக்கு அடியில விழுற நிழலை மட்டும் முதல்ல கறுப்பாக்குன்னேன். கறுப்பாக்கிட்டு ரொம்ப நேரம் பேசாம பாத்துக்கிட்டு இருந்தா, அப்புறம் ஏழாவது ஜோடியை ஆரம்பிச்சா.